உள்ளே யாருமில்லை என்றது கொப்பி

கடந்த மாரி காலத்தில், மட்டக்களப்பு வாவி கடலைச் சந்திக்கும் வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சிறிய மீன்பிடித் துறைமுகத்தில் இது நடந்தது. துறைமுகத்தின் பெயரை எழுதவில்லை. அங்கே வேலை செய்கிறவர்கள் யாரும் எனக்குக் கெடுதல் நினைத்தவர்கள் அல்ல.

எனக்கு எழுபத்து நான்கு வயது. வேலை பார்த்த காலம் முழுவதும் ஒரு பெரிய துறைமுகத்தில் கப்பலில் இருந்து இறங்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணிக் கணக்கு வைப்பதுதான் என் தொழில். ஓய்வு பெற்றுக் களுதாவளையில் வந்து குடியிருந்த பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. பஸ்ஸில் ஏறினால் தலைகளை எண்ணுவேன். படுக்கப் போகுமுன் கதவுத் தாழ்ப்பாள்களை இரண்டு முறை தொட்டுப் பார்ப்பேன். பிள்ளையார் கோயிலுக்குப் போனால் மனைவி காதோடு சொல்லுவா, “சாமியக் கும்பிடுங்க. விளக்க எண்ணாதீங்க.”

அந்தத் துறைமுகத்தின் பொறுப்பாளர் ஒரு காலத்தில் எனக்குக் கீழே பயிற்சிக்கு வந்த பொடியன். இப்போது தலை நரைத்து, இரண்டு பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்துவிட்டார். ஒருநாள் வீட்டுக்கு வந்து சொன்னார், “கொழும்பில இருந்து ஒரு குழு வருகுது சேர், துறைமுகத்துப் பாதுகாப்பு எப்பிடியெண்டு பாக்க. அவங்க வந்து பிழை பிடிக்க முந்தி நீங்க ஒருக்கா வந்து பிழை பிடிச்சுத் தாங்களன். உங்களுக்கு அது கைவந்த வேலதானே.”

அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

முதல் தரம் போனபோது ஒரு பகல் முழுவதும் சுற்றினேன். வேலிக் கம்பியை வெட்டி ஆட்கள் போய்வருவதற்கு வழி வைத்திருந்தார்கள். எரிபொருள் தாங்கியின் பூட்டு துருப்பிடித்து, பூட்டாமலே பூட்டினதுபோல் தொங்கியது. ஜெட்டி விளக்குகளில் பாதிக்கு மேல் எரியவில்லை. வாசலைப் பார்க்க வேண்டிய கமரா ஐஸ் தொழிற்சாலையின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏன் என்று கேட்டால், போன வருஷக் காற்றுக்குத் திரும்பினதாம். திருப்பி வைக்க ஏணி இல்லையாம். எல்லாவற்றையும் பொறுப்பாளரிடம் சொன்னேன். இன்னுமொன்றும் சொன்னேன். கட்டிக் கிடக்கும் ஆழ்கடல் படகுகளின் மீன் அறைகள் எல்லாம் திறந்து கிடக்கின்றன, யாரும் உள்ளே ஒளியலாம், எதையும் ஒளிக்கலாம், ஆகவே பின்னேரம் கேட் பூட்டுமுன் காவலர் எல்லா மூடிகளையும் போட்டுக் கொண்டி மாட்டிவிட வேண்டும் என்றேன். மற்ற வேலைகளுக்குக் கையில் பணம் வர வேண்டும். இதற்கு எதுவும் தேவையில்லை. மறுநாளே நடைமுறைக்கு வந்துவிட்டது.

வாசல் விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முதல் நாள் காலைக் காவலர் என்னை மறித்துப் பெயர் கேட்டார், அடையாள அட்டை கேட்டார், கொப்பியில் எழுதிக் கையெழுத்து வாங்கினார். இரண்டாம் தரம் போனபோது எழுந்து நின்று சலூட் அடித்து, வாசலில் கேட்டாகக் குறுக்கே கிடக்கும் தடியைத் தூக்கிவிட்டார். பொறுப்பாளர் அவரைப் பிடித்து, “பெரிய சேரிட்டப் போய் பேர் கேட்டயாமே, வெக்கமில்லையா உனக்கு?” என்று ஏசியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் அது அப்படித்தான். பெரிய மனிதர் என்று ஒருவரைத் தீர்மானித்துவிட்டால், பிறகு அவரிடம் நீ யார் என்று கேட்பது அவமரியாதை. எனக்கும் அது மனதுக்குள் கொஞ்சம் இதமாகத்தான் இருந்தது. வாசல் ஒழுங்காக நடக்கிறது என்றுதான் பொறுப்பாளரிடம் சொல்லியிருந்தேன்.

இனி அந்தப் படகு.

ஜெட்டியின் கடைசி மூலையில் நீலச் சாயம் உரிந்த ஆழ்கடல் படகொன்று தனியே கட்டிக் கிடந்தது. கரையில் இருந்து வெகு தூரத்தில், ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்ததைக் கண்டு நம்மவர்கள் இழுத்து வந்தார்களாம். பதிவு இலக்கத்தை யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள். எந்த நாட்டுப் படகு என்றுகூடத் தெரியவில்லை. இழுத்து வந்தபோது அடுப்பில் இருந்த பானையில் சோறு காய்ந்து தகடாக ஒட்டியிருந்ததாம். கயிற்றில் துவைத்துப் போட்ட சாறன்கள் காய்ந்துகொண்டிருந்தனவாம். வழக்கு முடியும்வரை அசைக்கக் கூடாது என்று அதை மூலையில் விட்டுவிட்டார்கள்.

அந்தப் பக்கம் யாரும் வலை காயப்போடுவதில்லை. பக்கத்தில் படகு கட்டுவதும் இல்லை. காரணம் கேட்டால் முதலில் சிரித்து மழுப்பினார்கள். பிறகு காலைக் காவலர்தான் சொன்னார்.

“அதுக்குள்ள தட்டுற சத்தம் கேக்கும் சேர். சில நாள் பகல்லயும் கேக்கும்.”

“என்ன தட்டுகிறது?”

“அதப் பாக்க ஆருகா போற?” என்றார்.

எதுவோ கழன்று ஆடுகிறது, வேறொன்றுமில்லை என்று நான் சொன்னேன். ஆனால் என் சுபாவம் உங்களுக்குத் தெரியுமே. காரணம் தெரியாத ஒரு சத்தத்தை அப்படியே விட்டுவிட்டு என்னால் நித்திரை கொள்ள முடியாது. அடுத்த தரம் போகும்போது அதைப் பார்த்து முடித்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

அந்த அடுத்த தரம் வந்தபோது நல்ல மழை. வவுணதீவுப் பக்கத்து வட்டைகளில் வெள்ளம் ஏறி வயலெல்லாம் முழுகிக் கிடந்தது. வாவித் தண்ணீரைக் கடலுக்கு விடுவதற்காக அன்றைக்கு முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டப்போகிறார்கள் என்று காலையிலேயே பேச்சு. நான் பஸ்ஸில் காத்தான்குடி வரை வந்து, அங்கே ஒரு ஓட்டோ பிடித்தேன். ஓட்டுநர் முப்பது முப்பத்தைந்து வயது மனிதர். அதற்கு முன் நான் அவரைக் கண்டதில்லை. வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார்.

“இந்த மழைக்க அங்க என்ன வேல சேர்? மீன் வாங்கவா?”

“இல்லை, எண்ண.”

“எத எண்ண?”

“கண்டதையெல்லாம்.”

கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். “அப்ப வாற வழியில எங்கட ரோட்டுக் குழியையும் எண்ணித் தாங்க சேர். மெம்பர்ட்டக் குடுப்பம்.”

நாலு மணிக்குள் வந்துவிடுவேன், நில்லுங்கள் என்றேன். கேட்டுக்கு எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் இருப்பதாகச் சொன்னார். வழக்கம்போல் காலைக் காவலர் எழுந்து சலூட் அடித்துத் தடியைத் தூக்கினார். கொப்பி மூடியபடியே இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவருடைய முறை முடிந்து பின்னேரக் காவலர் வருவார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது தோன்றவில்லை.

உள்ளே ஒரு குஞ்சு குருமானைக் காணவில்லை. எல்லோரும் முகத்துவாரம் வெட்டுவதைப் பார்க்கப் போய்விட்டார்கள். பொறுப்பாளரும் அங்கேதான். திறந்து கிடந்த அவருடைய அறையில் என் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு ஜெட்டியில் நடந்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. அத்தனை படகுகளும் கயிற்றில் இழுபட்டு மெல்ல முனகிக்கொண்டிருந்தன. தூரத்தில் மணல் வெட்டும் இயந்திரத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. அதுவும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது.

அந்த மூலைக்கு வந்ததும் நின்று காது கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

படகில் ஏறி முதலில் சுக்கான் அறையைப் பார்த்தேன். ஆணிகளில் தேத்தண்ணிக் கோப்பைகள் வரிசையாகத் தொங்கின. ஆறு. ஆகவே ஆறு பேர் வேலை செய்திருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டேன். ஆனால் கீழே மூலையில், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, மலிவான பிளாஸ்டிக் கோப்பைகள் ஒரு கட்டு இருந்தது. ஆறு பேருக்கு ஏன் இத்தனை என்று யோசித்துக்கொண்டே கொண்டியைக் கழற்றி மீன் அறை மூடியைத் தூக்கினேன்.

முட்டை அழுகின வாடை முகத்தில் அடித்தது. மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, சிறிய டோர்ச்சோடு ஏணியில் இறங்கினேன். அடியில் கணுக்கால் அளவுக்குக் கறுத்த தண்ணீர். ஐஸ் கரையாமல் இருக்கச் சுற்றிலும் தடிப்பான சுவர். நடுவில் பலகைத் தடுப்பு. அதற்கு அப்பால் முன்பக்கமாகக் குனிந்து போனேன். கழன்று ஆடக்கூடிய எதுவும் அங்கே இல்லை.

திரும்பப் பார்க்கும்போதுதான் டோர்ச் வெளிச்சம் சுவரில் பட்டது. ஆணியாலோ கத்தியாலோ கீறிய கோடுகள். நாலு நிமிர்ந்த கோடு, அவற்றின் குறுக்கே ஒன்று. மறுபடி நாலு, குறுக்கே ஒன்று. ஐந்தைந்தாக எண்ணும் அந்த முறையை என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? வாழ்நாள் முழுக்க நான் போட்ட கோடுகள் அவை. மீன் பெட்டி எண்ணியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அவை இருந்த உயரம் கண்ணில் பட்டது. என் முழங்காலுக்குச் சற்று மேலே. பெட்டி எண்ணுகிறவன் நின்றபடி எழுதுவான். இந்த உயரத்தில் எழுத வேண்டுமென்றால் அவன் இந்தத் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். கோடுகள் பலகைத் தடுப்பு வரை போயின. கடைசித் தொகுதியில் மூன்று கோடுகள்தான்.

அந்தக் கோப்பைக் கட்டு அப்போது ஞாபகம் வந்தது. இந்த அறைக்குள் ஆட்களை உட்கார வைத்து எங்கேயோ கொண்டு போயிருக்கிறார்கள். மீன் போடும் இடத்தில். கோடு பெட்டிக்கு அல்ல, நாளுக்கு.

கோடுகளை எண்ணத் தொடங்கினேன். எதற்கென்றே தெரியாமல் கை தானாக விரலை மடக்கியது. அந்த நேரம்தான் தலைக்கு மேலே காலடிச் சத்தம் கேட்டது. ஒரு ஆள், அவசர அவசரமாக. நான் “தம்பி” என்று வாயெடுப்பதற்குள் வெளிச்சம் போயிற்று. மூடி விழுந்த சத்தம். அதன்மேல் கொண்டி விழுந்த சத்தம். காலடிகள் ஓடின. நடந்து போகவில்லை, ஓடின.

என்ன நடந்தது என்று விளங்க எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. கேட் பூட்டுமுன் எல்லா மூடியையும் போட வேண்டும் என்று சொன்னவன் நான்தானே. வானிலை மோசமாக இருந்ததால் பின்னேரக் காவலர் நேரத்தோடே சுற்றி வந்திருக்கிறார். மற்றப் படகுகளில் குனிந்து உள்ளே பார்த்து மூடுகிற மனிதர், இந்தப் படகில் மட்டும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சாமி பேரைச் சொல்லிக்கொண்டு மூடிவிட்டு ஓடுவாராம். முதல்நாள் போட்ட மூடி அன்றைக்குத் திறந்து கிடந்ததைக் கண்டு இன்னும் பயந்துவிட்டாராம். இதைப் பிறகு அவரே சொன்னார்.

தடுப்பில் நெற்றியை இடித்துக்கொண்டு ஏணிக்கு வந்தேன். மேல்படியில் நின்று டோர்ச்சின் அடியால் மூடியில் தட்டினேன். ஐந்து தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி ஐந்து. பழக்கம். கத்தினேன். அந்தத் தடித்த சுவர் என் குரலை எனக்கே திருப்பித் தந்தது. நிறுத்திக் காது கொடுத்தேன். மீண்டும் காலடி. இந்தத் தடவை மெல்ல, ஜெட்டியில். படகுக்கு நேரே வந்து நின்றது.

“நான்தான்! உள்ளுக்கு நான் நிற்கிறேன்!” என்று கத்தித் தட்டினேன்.

பிறகு அந்தக் காலடி பின்வாங்கிப் பின்வாங்கித் தூரப் போயிற்று.

மேலே நின்ற மனிதர் என் சத்தத்தைக் கேட்டார். கேட்டுத்தான் போனார். அவருடைய காதுக்கு அது மனிதன் தட்டும் சத்தமாகவே இல்லை. அந்தப் படகில் எப்போதும் கேட்கும் சத்தம் அது. நான் எவ்வளவுக்குத் தட்டினேனோ அவ்வளவுக்கு அவருக்கு நான் இல்லாமல் போனேன்.

அதற்குப் பிறகு என்னென்ன வரிசையில் நடந்தது என்று தெளிவாகச் சொல்ல முடியாது. கொப்பியில் என் பெயர் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. காலைக் காவலர் வீட்டுக்குப் போயிருப்பார். பின்னேரக் காவலர் கொப்பியைப் பார்ப்பார். வந்த ஆட்களும் போன ஆட்களும் சரியாக இருப்பார்கள். ஒரு ஆள் குறையவில்லையே, யாரைத் தேடுவது? மனைவி போன் எடுப்பா, அது பொறுப்பாளரின் அறையில் அடித்துக்கொண்டே கிடக்கும்.

திடீரென்று படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. யாரோ கனத்த ஆள் ஏறினதுபோல. அடியில் இருந்த தண்ணீர் அந்தப் பக்கம் சளசளவென்று ஓடிச் சேர்ந்தது. முகத்துவாரம் திறந்துவிட்டது, வாவித் தண்ணீர் கடலுக்கு இறங்குகிறது, படகு தரை தட்டுகிறது என்று எனக்கு நானே உரத்துச் சொன்னேன். சொன்னபோது என் குரல் எனக்குப் பிறத்தியான் குரல்போல் கேட்டது. இருட்டுக்குள், தடுப்புக்கு அப்பால், உட்கார்ந்திருப்பவர்கள் சற்று நகர்ந்து எனக்கு இடம் விடுகிறார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. பயம்கூட இல்லை. அதுதான் பயங்கரம். அங்கே போய் உட்காரலாம் என்றிருந்தது.

ஒரு கட்டத்தில் அந்த அழுகல் வாடை நின்றுவிட்டது. அப்பாடா, காற்று வருகிறது என்று ஆறுதல் பட்டேன். அது ஆறுதல் அல்ல என்று பிறகு டாக்டர் சொன்னார். வாடை நிற்கவில்லை, என் மூக்குத்தான் செத்துவிட்டது. பழைய மீன் அறைக்குள் உண்டாகும் அந்த நச்சுக் காற்று அப்படித்தானாம். மணக்கிறவரை பிழைக்கலாம், மணக்காமல் விட்டால் அதிக நேரம் இல்லையாம். டோர்ச் கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது கேட்டது. கீழே விழுந்தால் எழும்ப மாட்டேன் என்று மட்டும் தெரிந்தது. ஏணியின் மேல்படிக்குள் ஒரு கையைக் கோத்து, அதன்மேல் தலையைச் சாய்த்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இனிச் சொல்வது ஓட்டோக்காரரும் பின்னேரக் காவலரும் பிறகு எனக்குச் சொன்னவை. இருவரும் ஒருவரை ஒருவர் இடைமறித்துச் சண்டை பிடித்தபடி சொன்னார்கள்.

நாலு மணி தாண்டியும் நான் வராததால் ஓட்டோக்காரர் கேட்டுக்குப் போய், “எங்கட சேர் இன்னும் வரல்லியே” என்றாராம்.

“எந்தச் சேர்?”

“வெள்ளச் சேட்டுப் போட்ட, கண்ணாடிக்கார வயசான ஆள். நான்தான் கொண்டுவந்து எறக்கின.”

காவலர் கொப்பியைத் திருப்பிக் காட்டினாராம். “பாரு. அப்பிடி ஒராளும் உள்ளுக்குப் போகல்ல. உள்ளுக்கு ஒருத்தருமில்ல, கேட்டும் பூட்டியாச்சி.”

“என்ட கண்ணுக்கு முன்னால போன ஆள் அண்ணே.”

“முகத்துவாரம் பாக்கப் போயிருப்பார். வயசான ஆக்கள் மறந்து போற. உனக்கு வேற ஹயர் கிடைக்காதா?”

“ஹயர் எப்பவும் கிடைக்கும். இந்த ஆள் எங்க?”

இருவருக்கும் வாய்த்தர்க்கம் முற்றியிருக்கிறது. இருட்டத் தொடங்கி, மழை மறுபடி தூறியிருக்கிறது. தேத்தண்ணிக் கடைக்காரரும் கடையைச் சாத்திக்கொண்டு, வீட்ட போ தம்பி என்றாராம். இவர் போகவில்லை. கடைசியில் தடிக்குக் கீழே குனிந்து உள்ளே நுழைந்துவிட்டார். காவலர் சட்டையைப் பிடித்தாராம். அப்போது அவர் சொன்னது இது:

“சரி, என்ட பேர எழுது. ஒருத்தன் உள்ளுக்குப் போறானெண்டு எழுது. நான் திரும்பி வரல்லெண்டாத் தேடுறத்துக்கு ஒரு எழுத்தாச்சும் இரிக்கட்டும்.”

காவலர் எழுதினார். எழுதிவிட்டு, என்ன நினைத்தாரோ, டோர்ச்சை எடுத்துக்கொண்டு அவரும் கூடவே நடந்தார். “சேர், சேர்” என்று கூப்பிட்டுக்கொண்டு ஜெட்டி நெடுகப் போனார்களாம். என் பெயர் இருவருக்குமே தெரியாது. கடைசிக்கு முந்தின படகடியில் காவலர் நின்றுவிட்டார். மூலையில் தட்டும் சத்தம் கேட்டது.

“அங்கால போகாத. அது அந்த நீலப் போட்டுத்தான். எந்த நாளும் கேக்கிற சத்தம்.”

“எந்த நாளும் கேட்டா எந்த நாளும் ஆள் இரிந்திரிக்கும்” என்று சொல்லிவிட்டு இவர் போய் ஏறிவிட்டார். இவருக்கும் நடுக்கம்தானாம். வாயில் வந்த ஓதல்களையெல்லாம் ஓதிக்கொண்டேதான் கொண்டியைத் தூக்கினாராம்.

இவர் உள்ளே குதிக்கப் போனபோது பின்னால் இருந்து கத்தி நிறுத்தியவர் காவலர். அவர் முன்பு ஆழ்கடலுக்குப் போனவர். இப்படிக் குதித்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக மயங்கி விழுந்ததைக் கண்டவராம். “எறங்காத! மேல இருந்தே பிடி!” என்று ஓடிவந்து, அந்தப் படகில் அதுவரை கண்ணைத் திறந்து நிற்காத மனிதர், விளிம்பில் குப்புறப் படுத்து என் சட்டைக் கொலரைப் பிடித்திருக்கிறார். மற்றவர் என் கையைப் பிடித்திருக்கிறார். ஏணிக்குள் கோத்திருந்த கையை விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்ததாம்.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தேன். மனைவி கட்டிலோடு நின்றா. முதலில் அழுதா, பிறகு ஏசினா. சேர்க்கும்போது என் பெயரைக் கேட்டார்களாம். ஓட்டோக்காரர் யோசித்துவிட்டு, “சேர் எண்டு எழுதுங்க” என்றாராம்.

மறுநாள் அவர் பார்க்க வந்தார். ஏன் போகாமல் நின்றீர்கள் என்று கேட்டேன். கேள்வியே விளங்காதவர்போல் பார்த்தார். “கூட்டிக்கிட்டு வந்த ஆள விட்டுட்டு எப்பிடிச் சேர் போற?” என்றார். பிறகு அவராகவே சொன்னார், “நீங்க தட்டாட்டி எங்களுக்கு எந்தப் போட்டெண்டு தெரிஞ்சிரிக்காது. ஒண்டு, பொறவு ஒண்டு, பொறவு ஒண்டு. மெல்ல மெல்ல.”

நான் தட்டியது ஐந்தைந்தாக. அதுவும் டோர்ச் தண்ணீரில் விழுமுன். அவர்கள் வந்த நேரம் என் ஒரு கை ஏணிக்குள். மற்றக் கை செத்த கைபோல் தொங்கியதாம். பொறுப்பாளரிடம் கேட்டபோது, வாவித் தண்ணீர் வேகமாக இறங்கியதால் படகின் சுக்கான் ஆடித் தட்டியிருக்கும், முந்தியும் அதுதான் தட்டியிருக்கும் என்றார். சரியான விளக்கம். நான் அதை ஏற்றுக்கொண்டுவிட்டேன். வெறும் இரும்பு ஆடியதால்தான் நான் பிழைத்தேன் என்று பகலில் எல்லோருக்கும் சொல்லியும் வருகிறேன்.

அந்தத் துறைமுகத்தில் இப்போது பொறுப்பாளரே வந்தாலும் பெயர் எழுதித்தான் உள்ளே விடுகிறார்கள். மூடி போடுமுன் உள்ளே குரல் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றும் ஒழுங்கு வந்துவிட்டது. கமராவைத் திருப்ப ஏணி மட்டும் இன்னும் வரவில்லை. சுவரில் கண்ட கோடுகளை நான் சொல்ல, பொலிஸார் வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள். எத்தனை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எண்ணத் தொடங்கி முடிக்காமல் விட்டது என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

ஆனால் அந்த ஓட்டோக்காரரை நினைக்காத நாள் இல்லை. வேலியும் பூட்டும் விளக்கும் கொப்பியும் எல்லாம் சேர்ந்து உள்ளே யாருமில்லை என்று சொன்ன நேரத்தில், இல்லை, இருக்கிறார் என்று மழையில் நின்று சொல்ல எனக்கு ஒரு ஆள் வெளியே இருந்தார். அந்த நீலப் படகில் உட்கார்ந்து போனவர்களுக்கும் ஏதோ ஒரு கரையில், ஏதோ ஒரு வாசலில், அப்படி ஒருவர் நின்றிருப்பார்தானே. அவரிடமும் யாரோ கொப்பியைத் திருப்பிக் காட்டி, அப்படி ஒராளும் போகவில்லை, வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லியிருப்பார்களோ என்ற நினைப்பு வரும்போதெல்லாம், பிழைத்து வந்த இந்த உயிர் எனக்கு மட்டும் தரப்பட்டதல்ல என்று தோன்றுகிறது.